இசைத்தட்டில் ஒரு சிவப்புப் புள்ளி

அத்தியாயம் 5

ஒருவன் சொந்தச் செலவில் இசைத்தட்டு போடுகிறான். அந்தச் செலவுக்காகத் தன் ரெக்கார்டு பிளேயரையே விற்கிறான். தட்டுகள் கல்கத்தாவில் அச்சாகி, ஒரு பெட்டியில் அடங்கி, திண்டிவனம் ஸ்டேஷனில் வந்து இறங்குகின்றன. பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் வெளியே வருகிறான். அடுத்து என்ன செய்வான்?

"தண்டவாளத்துல போய்ப் படுப்பான். அப்படித்தான் இன்ஸ்பெக்டர் எழுதி வெச்சிருக்காரு" என்றாள் அம்சவள்ளி.

"நீயா இருந்தா?"

"நானா? எவன் வீட்டுல பிளேயர் இருக்குதுன்னு தேடிக்கினு போவேன். பெத்த புள்ள மூஞ்சியப் பார்க்காம யாராச்சும் சாவாங்களா சார்?"

கேட்டவர் விருத்தாசலம். காலையிலிருந்து அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான். விழுப்புரத்தில் அவர் மாட்டியிருக்கும் துப்பறியும் நிலையத்தின் போர்டுக்குப் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கத்தான் ஆள் வரும். பையன் குடிப்பானா, ஏற்கெனவே எங்காவது தாலி கட்டியிருக்கிறானா. செத்தவனுக்காக வந்தவள் லூர்துமேரி ஒருத்திதான். அம்சவள்ளி அவரிடம் டைப்பிஸ்ட் வேலைக்கு வந்தவள். நிலையத்தில் டைப்ரைட்டர் இல்லை. அவள் வாயே போதுமென்று விருத்தாசலம் வைத்துக்கொண்டார்.

திண்டிவனத்தில் சவக்கிடங்குக்கு வெளியே வேப்பமரத்தடியில் லூர்துமேரி உட்கார்ந்திருந்தாள். கார்த்திகை பிறப்பதற்கு முந்தைய மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. உள்ளே அவள் புருஷன் அந்தோணிசாமி ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் கிடந்தான். செவ்வாய்க்கிழமை ராத்திரி, மயிலத்துக்கு இந்தப் பக்கம், தண்டவாளத்தில் கிடைத்த உடம்பு. தலை மட்டும் தனியாகக் கிடைத்தது.

"சாயங்காலத்துக்குள்ள எடுத்துக்கினு போயிடச் சொல்றாங்க" என்றாள் அவள். குரலில் அழுகை இல்லை. அது முதல் நாளே தீர்ந்துவிட்டிருந்தது. "சாமியாரு ஒரே பேச்சா சொல்லிட்டாரு. தற்கொலைன்னா கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடமில்ல, பூசை இல்ல. மதிலுக்கு அந்தாண்ட, குப்பை கொட்டற எடத்துல பொதைச்சிக்கோன்றாரு. ஞாயித்துக்கெழம தவறாம அதே கோயில்ல கீபோர்டு வாசிச்ச மனுசன் சார் இது."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"செவ்வாக்கெழம பொழுதுசாய. பெட்டி வந்துட்டுதுன்னு பார்சல் ஆபீஸுக்கு ஓடனாரு. 'ரெக்கார்டைக் கேட்டுட்டுத்தான் வூட்டுக்கு வருவேன், சோறு எடுத்து வெய்யி'ன்னாரு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படிச் சொன்னவரு சாவப் போவாராய்யா?"

போலீஸ் திருப்பிக் கொடுத்த துணிப்பையை அவள் நீட்டினாள். அதில் ஒரே ஒரு இசைத்தட்டு. பெட்டியில் இருந்த மற்றவை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உறையில் பாதி ரத்தம் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. தட்டின் விளிம்பில் அப்பளத்தைக் கடித்தது போல ஒரு துண்டு போயிருந்தது. நடுவில் மஞ்சள் லேபிள். 'ஏரி. மின்னிசை: அந்தோணிசாமி, திண்டிவனம்.' அதன் மேல் விரல் நுனி அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

"ரத்தம்னு போலீஸ்ல சொன்னாங்க" என்றாள் லூர்துமேரி.

விருத்தாசலம் தட்டை உறைக்குள் போட்டார். சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்தது. அவ்வளவு நேரம்தான் இருந்தது.

"இந்த ஊர்ல ரெக்கார்டு போட்டுக் கேக்கணும்னா எங்க போகணும்?"

"இங்க ஒரே ஒரு கடைதான். தேவநாதன் கடை."

*

தேவகானம் ரெக்கார்டிங் சென்டரில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். வெள்ளிக்கிழமைதான் மெட்ராஸிலிருந்து புது எல்.பி. ரெக்கார்டுகள் வரும். ஊரில் யாரும் எல்.பி. வாங்குவதில்லை, வெற்றுக் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் தேவநாதன் தட்டிலிருந்து பாட்டைப் பதிந்து கொடுப்பான். கடைக்கு வெளியே ஓர் ஒலிபெருக்கி. அதில் ஆள் குரல் இல்லாமல் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, உருண்டு, திரும்பவும் உருண்டு.

அம்சவள்ளி காதைக் குடைந்துகொண்டாள். "இன்னா சார் இது, ஏரித் தவளைக்கு கரண்டு குடுத்தா மாதிரி இருக்குது?"

வாசலில் பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தது. 'விரைவில் வெளிவருகிறது! எல்.பி. இசைத்தட்டு! மின்னல் ஓசை! இசை: திண்டிவனம் தேவநாதன்.' படத்தில் தேவநாதன் கீபோர்டின் மேல் இரண்டு கையையும் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கையப் பாருங்க. பூரி தேய்க்கறாரு."

"சும்மா வா."

தேவநாதனுக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் சந்தனம், வழவழவென்று பேச்சு. அவர்கள் உள்ளே போனபோது வெள்ளிக்கிழமை பூசையில் இருந்தான். கற்பூரம் ஏற்றி, சாமி படத்துக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் கல்லாப்பெட்டிக்கும் அன்றைக்கு வந்த புதுத் தட்டுக்கும் வரிசையாகக் குங்குமம் வைத்து, மீதியைத் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டான். அப்புறம்தான் வாங்க என்றான்.

"அந்தோணிசாமி விஷயமா வந்தோம்" என்றார் விருத்தாசலம்.

தேவநாதன் முகம் உடனே தொங்கியது. "நல்ல பையன் சார். போய்ட்டான். சொந்தமா தட்டு போட்டா எவன் வாங்குவான்? சினிமாப் பாட்டா அது? படிச்சிப் படிச்சிச் சொன்னேன்."

"செவ்வாய்க்கிழமை இங்க வந்தானா?"

"இல்லியே. வாசல்ல நின்னு பேசனதோட சரி. பெட்டிய எறக்கி வெச்சிட்டு உள்ள வாடான்னேன். விழுப்புரம் போறேன்னான். அங்க அரங்கநாதன்னு ஒருத்தன், ஃபாரின் செட்டு வெச்சிக்கினு அலட்டிக்கினு கெடப்பான். அவன் செட்டுலதான் மொதல்ல கேக்கணும்னான். அரங்கநாதன் வாயி கெட்ட வாயி சார். குப்பைன்னு சொல்லியிருப்பான். இவன் மனசு ஒடஞ்சி…" தேவநாதன் கையால் ரயில் போவது போல் காட்டினான்.

விருத்தாசலம் பையிலிருந்து தட்டை எடுத்தார். "இதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

தேவநாதன் அதைத் தொடவில்லை. "ஐயோ, விளிம்பு போயிட்ட தட்டு சார். பிளேயர் முள்ளு ஒடஞ்சிடும். முள்ளு மெட்ராஸ்லதான் கெடைக்கும். வெள்ளிக்கெழம வியாபாரம் கெட்டுரும்."

நியாயமான பேச்சுதான். விருத்தாசலம் தட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அதற்குள் அம்சவள்ளி வேறொன்றில் கண்ணாக இருந்தாள். கேசட் பதிய வந்த ஓர் அம்மாளுக்கு தேவநாதன் ஒரு பூந்தட்டு எடுத்துக் கொடுத்தான். தாமரை இதழ் மாதிரி விளிம்பு மடிந்து, பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட் அடித்த தட்டு. அலமாரியில் அதே மாதிரி ஓர் அடுக்கு.

"எல்லாருக்கும் தர்றீங்களா?"

"பழைய ரெக்கார்டுங்கம்மா. வெந்நீர்ல போட்டா வளையும். பூ வெச்சிக்கலாம், பழம் வெச்சிக்கலாம். ஒரு கேசட்டுக்கு ஒண்ணு ஃப்ரீ."

"நான் கேசட்டு குடுக்கலியே. ஆனா உங்க பாட்டை இவ்வளோ நேரம் நின்னு கேட்டேன். அதுக்கு ஒண்ணு தரலாம்."

தேவநாதன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். "எடுத்துக்கம்மா. உனக்கு இல்லாததா?"

*

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி மூடவில்லை. மழை உள்ளேயே பெய்தது. அம்சவள்ளி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வேகவைத்த வேர்க்கடலையை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, பூந்தட்டில் கொட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார், எனக்கு ஒண்ணு புரியல. திண்டிவனத்துல பார்சல் எடுத்தவன், அந்தப் பெட்டியத் தூக்கிக்கினு, இந்த மழையில விழுப்புரம் வர்றான். அரங்கநாதன் குப்பைன்றான். சரி. மனசு ஒடஞ்சி மயிலத்துக்கிட்ட எறங்கிப் படுக்கறான். பெட்டி எங்க? அதுவும் மனசு ஒடஞ்சி எங்கனா போயிட்டுதா?"

"அதைத்தான் அரங்கநாதனைக் கேக்கப் போறோம்."

"அடிச்சிக் கேப்பீங்களா, அன்பா கேப்பீங்களா?"

"ஆளைப் பார்த்து."

விருத்தாசலம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் பேரணி ஊரைத் தாண்டும்போது தண்டவாளம் பக்கத்திலேயே ஓடியது. ஈரத்தில் பளிச்சென்றிருந்தது. அதில் படுப்பதற்கு ஒருவனுக்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் சோறு எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு மட்டும் ஒரு காரணம் வேண்டும்.

*

அரங்கநாதன் கடை வாசலில் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸில் எழுதியிருந்தது: '14-11-86. இந்த வாரம் வந்தவை.' கீழே ஒவ்வொரு புது எல்.பி.க்கும் ஒரு வரி.

'சினிமா, இரண்டு தட்டு: மூன்றாம் பாட்டு மட்டும் கேட்கலாம். மீதிக்கு என்னைத் திட்டாதீர்கள்.'

'ஜெர்மனி, மெஷின் இசை: மழையில் நனைந்த பம்புசெட். அருமை.'

'லண்டன், நாலு பையன்கள் தாங்களே போட்டது: சுருதி சேரவில்லை. கோபம் சேர்ந்திருக்கிறது. வாங்கலாம்.'

'பக்தி: பதிந்து தரப்படும். கருத்துச் சொல்ல மாட்டேன்.'

"இந்த ஆளை எனக்குப் பிடிச்சிருக்குது சார். கொலைகாரனா இருந்துடக் கூடாது" என்றாள் அம்சவள்ளி.

உள்ளே கவுன்ட்டருக்குப் பின்னால் கறுப்புச் சட்டை போட்ட ஒல்லியான ஆள் தட்டு ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் சாமி படம் கிடையாது. 'கடவுளை நம்புகிறவர்களுக்கும் கடன் கிடையாது' என்று ஓர் அட்டை தொங்கியது. கோட்டக்குப்பத்துக்காரர்கள் துபாயிலிருந்து கொண்டுவந்த வெளிநாட்டுத் தட்டுகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன.

"பேரு அரங்கநாதன், சட்டை கறுப்பு" என்றாள் அம்சவள்ளி.

"பேரு அப்பன் வெச்சது. சட்டை நான் வாங்கனது" என்றார் அவர். "இன்னா வேணும்?"

விருத்தாசலம் சொன்னார். அந்தோணிசாமி செத்தது தெரியாமல் இருந்தார் அரங்கநாதன். கையிலிருந்த துணி அப்படியே நின்றது. நடிப்பானால் நல்ல நடிப்பு.

"செவ்வாய்க்கிழமை உங்ககிட்ட வந்தானாமே?"

"எவன் சொன்னது?"

"தேவநாதன்."

"அவன் வாயில வர்றதெல்லாம் கேசட்டுல ஏத்துவீங்களா? அந்தப் பையன் என் கடைக்கு வந்து மாசக்கணக்காச்சு. கீபோர்டு வாங்கறப்போ கோட்டக்குப்பம் வரைக்கும் நான்தான் கூட்டிக்கினு போனேன். தட்டு வந்தா மொத ஆளா எனக்குக் குடுக்கறேன்னான். பலகையில எடம் விட்டு வெச்சிருக்கேன், பார்த்தீங்கல்ல?"

பலகையின் அடியில் ஒரு வரிக்கு இடம் காலியாக இருந்தது உண்மைதான். ஆனால் காலியிடம் சாட்சி சொல்லாது. விருத்தாசலம் தட்டை எடுத்து கவுன்ட்டரில் வைத்தார். அரங்கநாதன் உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"முள்ளு ஒடையும்னு தேவநாதன் சொன்னான்" என்றார் விருத்தாசலம்.

"விளிம்புதானே போயிருக்குது. கொஞ்சம் உள்ளே தள்ளி வெச்சா ஓடிட்டுப் போவுது. முள்ளு ஒடஞ்சா ஒடயட்டும். செத்தவன் பாட்டைவிட முள்ளு ஒசத்தியா?" தட்டை வெளிச்சத்தில் பிடித்தவர் முகத்தைச் சுளித்தார். "இன்னாய்யா இது? இதுலயுமா?"

கவுன்ட்டருக்குக் கீழே குனிந்து ஈரத்துணி ஒன்றை எடுத்தார். லேபிளை நோக்கிக் கை போனது.

விருத்தாசலம் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "ரத்தத்தைத் துடைக்கிற அளவுக்கு என்ன அவசரம்?"

"ரத்தமா?" அரங்கநாதன் கையை உதறவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நெஜமாவே துப்பறியறவரா?"

"ஏன்?"

"உறையில இருக்கறது ரத்தம். கறுத்துப்போய் இருக்குது. மூணு நாளான ரத்தம் அப்படித்தான் இருக்கும். இது எப்படி இன்னும் செவப்பா இருக்குது? உறைக்கு உள்ளாற, லேபிளுக்கு நட்டநடுவுல, ரவுண்டா? செகண்ட் ஹாண்டுல எந்தத் தட்டு வந்தாலும் இதைத் துடைக்கறதுதான் எனக்கு வேலை. குங்குமம்யா. புதுத் தட்டை மொதமொதல்ல போடறப்போ பொட்டு வெப்பானுங்க. அதுக்கும் ஒரு பூசை."

அம்சவள்ளி குனிந்து பார்த்தாள். தன் நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்த்து, மறுபடி லேபிளைப் பார்த்தாள்.

"தெனம் இதை வெச்சிக்கினு திரியறேன்" என்றாள் மெதுவாக. "ரத்தம்னு போலீஸ் சொன்னதும் நானும் ரத்தமாத்தான் பார்த்திருக்கேன்."

அவளாவது பரவாயில்லை. விருத்தாசலம் அந்தக் காரியத்தை அன்றைக்குக் காலையில் கண்ணெதிரே பார்த்திருந்தார். சாமி படம், ஆம்ப்ளிஃபையர், கல்லாப்பெட்டி, புதுத் தட்டு. வரிசையில் ஒன்றைக்கூட அந்த விரல் விடவில்லை. கிறிஸ்தவனான அந்தோணிசாமி பொட்டு வைக்க மாட்டான். கறுப்புச் சட்டைக்காரர் வைக்க மாட்டார்.

"போடுங்க" என்றார்.

அரங்கநாதன் முள்ளை உடைந்த இடத்துக்கு உள்ளே தள்ளி இறக்கினார். பொரிகிற சத்தம். அப்புறம் விட்டு விட்டு, உருண்டு, திரும்பவும் உருண்டு ஒரு சத்தம் எழுந்தது. ஒன்று கூப்பிட்டது. தூரத்தில் இன்னொன்று பதில் சொன்னது. பிறகு ஏரி முழுக்கச் சேர்ந்துகொண்டது.

அம்சவள்ளியின் கையிலிருந்த மல்லாட்டை கீழே விழுந்தது. "சார். தவளை."

அரங்கநாதன் ரத்தம் ஊறாத ஓரத்தில் உறையைத் திருப்பிப் படித்தார். "முதல் இசை: மழைக்கு முந்தின தவளைகள்."

*

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்சவள்ளி வெகுநேரம் பேசவில்லை. அவளுக்கு அது உடம்புக்கு ஆகாது.

"அப்போ இப்படியா சார்? கல்கத்தாவுக்கு அனுப்ப டேப்பைக் காப்பி எடுக்கணும்னு அந்தோணிசாமி தேவநாதன்கிட்ட போயிருக்காரு. அவன் தனக்கும் ஒரு காப்பி எடுத்துக்கினு, மெட்ராஸ் கம்பெனிக்கு தன் பாட்டுன்னு அனுப்பிட்டான். இவருது முந்திக்கினு வந்துட்டுது."

"ம்."

"அவரைக் கொன்னு தண்டவாளத்துல போட்டான். கேட்ட தட்டும் ரயில்ல மாட்டித் தூளாயிடும்னு நெனச்சி பையில வெச்சான்."

"தட்டு தப்பிச்சுது. ஆள்தான் தூளானான்."

"அப்பறம் எதுக்கு இன்னும் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

"பொட்டைக் காட்டினா இன்ஸ்பெக்டர் சிரிப்பாரு. குங்குமம் ஊர்ல எல்லார் வீட்டுலயும் இருக்கு. பாட்டு ரெண்டும் ஒண்ணுன்னு காட்டினா, அந்தோணிசாமிதான் என் பாட்டைத் திருடினான்னு தேவநாதன் மாத்திச் சொல்வான். செத்தவன் வந்து இல்லேன்னு சொல்ல மாட்டான். பெட்டி வேணும். மீதித் தட்டெல்லாம் வேணும்."

"எரிச்சிருப்பான்."

"எரிச்சா ஊரே நாறும். கடை பஜார்ல இருக்கு. கெணத்துல போட்டா வாளியில மாட்டும்."

அம்சவள்ளி தன் விரல்களைச் சலிப்போடு பார்த்தாள். மல்லாட்டையின் ஈரமும் உப்பும் பட்டு, நுனியெல்லாம் வெள்ளி வெள்ளியாக இருந்தன. "சீ, பேஜாரு. ஓசியில குடுத்தா இப்படித்தான். சாயம் ஒட்டவே இல்ல" என்று புடவையில் துடைத்துக்கொண்டாள்.

விருத்தாசலம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பஸ்ஸிலேயே முடிந்திருக்கும்.

*

இன்ஸ்பெக்டர் சீனுவாசன் தேவநாதன் கடைக்கு வந்தது விருத்தாசலம் மேல் வைத்த நம்பிக்கையினால் அல்ல. ஸ்டேஷன் ஒழுகிக்கொண்டிருந்தது. கடையில் ஒழுகாது.

தேவநாதன் நாற்காலி எடுத்துப் போட்டான். காபிக்கு ஆள் அனுப்பினான். விருத்தாசலம் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டான். பொட்டு என்றதும் ஒரு கணம் வலது மோதிர விரலைப் பெருவிரலால் தேய்த்தான். அவ்வளவுதான்.

"குங்குமம் என் ஒருத்தன் கடையிலதான் விக்குதா சார்? இவரு மாப்ள விசாரிக்கறவரு. அதை ஒழுங்கா செஞ்சிக்கினு போலாம்ல?" அவன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். "பாட்டு என்னுது. அவன் காப்பியடிச்சான். சொன்னா செத்தவனுக்கு அசிங்கம்னு வாய மூடிக்கினு இருந்தேன். நான் கொன்னேன்னா அந்தப் பெட்டி எங்க? கடையத் தெறந்து விடறேன், வூட்டையும் பாத்துக்கோங்க. ஒரே ஒரு தட்டு, அவன் பேரு போட்டது, எங்கனா கெடைச்சா நீங்க சொல்றதுக்குத் தலையாட்டறேன்."

இன்ஸ்பெக்டர் விருத்தாசலத்தைப் பார்த்தார். போதுமா என்கிற பார்வை.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சவக்கிடங்கில் இந்நேரம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். விருத்தாசலம் கடையைச் சுற்றிப் பார்த்தார். கேசட்டுகள். ஸ்பீக்கர்கள். அலமாரியில் பூந்தட்டுகளின் அடுக்கு காலையில் பார்த்ததைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. வியாபாரம் நன்றாக நடந்திருக்கிறது.

"பூந்தட்டு எப்போலேருந்து ஃப்ரீயா தர்றே?" என்று கேட்டார்.

தேவநாதன் காபி வருகிறதா என்று வாசலைப் பார்த்தான். "ரொம்ப நாளா."

"இல்லியே" என்றாள் அம்சவள்ளி. "காலையில ஒரு அம்மா சொல்லிக்கினு போச்சி. போன வாரம் கேசட்டு பதிஞ்சவங்களுக்கு ஒண்ணுமே தரலன்னு."

விருத்தாசலம் கையை நீட்டினார். "உன் தட்டைக் குடு."

அவள் மீதி மல்லாட்டையை முந்தானையில் கொட்டிக்கொண்டு கொடுத்தாள். நடுவில், அவள் விரல் பட்டுப் பட்டு வெள்ளி போன இடத்தில், ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. லேபிள் காகிதம் தட்டோடு தட்டாகச் சேர்த்து அழுத்தப்பட்டது. உரித்தால் வராது. வெந்நீரில் போட்டாலும் போகாது. மேலே பெயிண்ட் அடிக்க மட்டும்தான் முடியும். விருத்தாசலம் சாவியை எடுத்துச் சுரண்டினார். வெள்ளி செதில் செதிலாக வந்தது.

'ஏரி.'

இன்னும் சுரண்டினார்.

'மின்னிசை: அந்தோணிசாமி, திண்டிவனம்.'

இன்ஸ்பெக்டர் எழுந்து அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தார். தன் சாவியால் சுரண்டினார். அப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் சுரண்டவில்லை.

"ஊர்ல பாதி வூட்டுல அவரு பேரு மேல பூ வெச்சிருக்காங்க" என்றாள் அம்சவள்ளி. அதை அவள் கிண்டலாகச் சொல்லவில்லை.

தேவநாதன் மெதுவாக உட்கார்ந்தான். காபி வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அவன் சண்டை கிண்டை போடல சார்" என்றான். "பெட்டியப் பிரிச்சான். மேல இருந்ததை எடுத்துக் குடுத்தான். நான்தான் போட்டேன். கண்ண மூடிக்கினு கேட்டான். ஒரு பக்கம் முடிஞ்சிது. எழுந்து நின்னப்பதான் போஸ்டரைப் பார்த்தான். மறுநாள் ஒட்டறதுக்கு அப்பதான் வந்து எறங்கியிருந்துது. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. சிரிச்சான். 'என் தவளைக்கு உன் மூஞ்சியாண்ணே? சரி, அடுத்த பக்கம் போடு'ன்னான். தட்டைத் திருப்பத்தான் போனேன். மைக் ஸ்டாண்டு கைக்குக் கெடைச்சிது."

"பொட்டு எப்போ வெச்சே?"

"தெரியாது சார்." அவன் தன் மோதிர விரலைப் பார்த்தான், வேறு யாருடையதோ போல. "நான் வெச்ச ஞாபகமே இல்ல."

*

கல்லறைத் திருநாளுக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக இருந்தது. இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைச் சாமியார் கோயில் விளக்கில் பிடித்து இரண்டு முறை படித்தார். பிறகு கேட்டைத் திறக்கச் சொன்னார். மதிலுக்கு உள்ளே, கிழக்கு ஓரத்தில் குழி வெட்டினார்கள். ஈர மண் என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது.

விருத்தாசலமும் அம்சவள்ளியும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள். லூர்துமேரி அவர்களைத் தேடிக்கொண்டு வந்தாள். நன்றி சொல்வாள், என்ன சொல்வது என்று விருத்தாசலம் யோசித்துக்கொண்டிருந்தார். அவள் நன்றி சொல்லவில்லை.

"அவரு கேட்டாரா சார்?"

"எதை?"

"அவரு ரெக்கார்டை. சாவறதுக்கு முன்ன கேட்டுட்டாரா?"

அம்சவள்ளி குழிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தட்டுல பொட்டு இருந்துச்சும்மா" என்றார் விருத்தாசலம். "பொட்டு வெச்சாங்கன்னா முள்ளு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். கேட்டாரு."

"முழுசாவா?"

பொய் சொல்லலாம். அங்கே நின்ற யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். குழிக்குள் கயிறு இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால், ஏரிப் பக்கம், மழைக்கு ஒன்று கூப்பிட்டது. தூரத்தில் இன்னொன்று பதில் சொன்னது.

"ஒரு பக்கம்" என்றார்.

லூர்துமேரி தலையாட்டினாள். அவர் திருப்பிக் கொடுத்திருந்த பையிலிருந்து அந்த உடைந்த தட்டை எடுத்தாள். முந்தானை நுனியால் லேபிளைத் துடைத்தாள். சிவப்பு முழுவதும் போகும்வரை துடைத்தாள். அப்புறம் குழிக்குப் போய் மண்டியிட்டு, கேட்காத பக்கம் மேலே இருக்கும்படி அதைச் சவப்பெட்டியின் மேல் வைத்தாள்.

"மண்ணு போடச் சொல்லுங்க" என்றாள்.